மொசாம்பிக் பெருங்கடல், வழி: முசிறி

சனி, கிருஷ்ணகிரி

மச்சானின் கிரானைட் யார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். சமையல் மேடைக்கென்று அறுத்து மெருகேற்றிச் சாய்த்து வைத்திருக்கும் பலகைகளில் பாதிக்கு மேல் பாரடைசோ. ஊதாவும் சாம்பலும் இளஞ்சிவப்பும் ஒன்றுக்குள் ஒன்று சுழித்துக்கொண்டு போகும், வீடு கட்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். வியாபாரத்தில் இதைக் கிரானைட் என்றுதான் விற்கிறார்கள். புவியியல்காரர்களுக்கு இது நைஸ், சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறி வரியோடிய பாறை, அதுவும் பாதி உருகி மறுபடி இறுகிய நைஸ். உருகியது வெளிறிய வரியாகவும், உருகாமல் அடம்பிடித்தது கருப்பு வரியாகவும் நிற்கிறது. ஒரு பலகையில் வெளிறிய வரி ஒன்றை விரலால் தொடர்ந்து போனேன். கருப்பு வரியைக் குறுக்கே வெட்டி, கொஞ்ச தூரம் போய் வளைந்து, கடைசியில் அதே கருப்பு வரிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. உருகியது முதலில், மடிந்தது அப்புறம்.

"மாப்ள, சதுர அடி என்ன வெலைன்னு கேளு, சொல்றேன். வயசெல்லாம் என்கிட்ட கேக்காத" என்றார் மச்சான். வயது சுமார் 250 கோடி ஆண்டு. அதைச் சொன்னதும் பலகையை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

திட்டம் இதுதான். நாம் நிற்பது தார்வார் என்ற பழைய கண்டத் துண்டின் தெற்கு ஓரம். இதன் மேற்குப் பகுதியில், கர்நாடகத்துக்குள், 330 கோடி ஆண்டுப் பாறைகள் கிடைக்கின்றன. பெங்களூர் லால்பாக் குன்றுக்கே 300 கோடி சொல்கிறார்கள். இங்கிருந்து தெற்கே முட்டம் கடற்கரை வரை காரில் போனால், ஒருகாலத்தில் தனித்தனியாகக் கிடந்த கண்டத் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தாண்டுவோம். நடுவில் எங்கோ ஒரு பெருங்கடல் மூடிப்போன இடம் வரும். அந்தக் கடலுக்கு மொசாம்பிக் பெருங்கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே இன்றைக்கு இருக்கும் மொசாம்பிக் கால்வாயோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது 55 கோடி ஆண்டுக்கு முன்பே கதை முடிந்த கடல். அது மூடியபோதுதான் ஆப்பிரிக்கா, இந்தியா, மடகாஸ்கர், இலங்கை, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக முட்டிச் சேர்ந்தன. மூடின இடம் தமிழ்நாட்டில் எது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையை நேரில் பார்க்கத்தான் போகிறேன்.

மதியத்துக்கு மேல் கிளம்பி தொப்பூர் கணவாயில் ஓரங்கட்டினோம். இறக்கத்தில் லாரிகள் மூச்சுப் பிடித்துக்கொண்டு ஊர்கின்ற இடம், நிற்க இடம் பார்த்து நிற்க வேண்டும். கிருஷ்ணகிரியின் வரி வரியான வெளிர்கல் இங்கே கிட்டத்தட்டக் காணோம். உடைத்த முகம் எண்ணெய்ப் பிசுக்கோடு பச்சை கலந்த கருமை, குவார்ட்ஸ்கூட வெள்ளையாக இல்லாமல் நீலம் பாய்ந்திருக்கிறது. சார்னோகைட். சென்னை பல்லாவரத்துக் கல்லும் இதே இனம்தான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக் கல்லறையின் மேல் கிடந்த பலகையைப் பார்த்துவிட்டு, புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் வைத்த பெயர்.

நீர் கிட்டத்தட்ட இல்லாத சூட்டில், 700-800 டிகிரியில், 20-25 கி.மீ. ஆழத்தில்தான் இந்தப் பாறை இப்படி ஆகும். லூயிஸ் ஃபெர்மோர் என்ற புவியியலாளர் 1936-இல் தென்னிந்தியாவின் குறுக்கே ஒரு கோடு போட்டார்: வடக்கே சார்னோகைட் இல்லாத நாடு, தெற்கே சார்னோகைட் நாடு. அந்தக் கோட்டைத் தாண்டித்தான் இன்று வந்திருக்கிறோம். வரைபடத்தில் தெற்கே போவதாகத் தெரிகிறது, பாறைக் கணக்கில் பார்த்தால் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறோம். மேலே இருந்த இருபது இருபத்தைந்து கி.மீ. கனம் அரிக்கப்பட்டுப் போய்விட்டதால் அடித்தளமே தரையாகிவிட்டது.

ஞாயிறு, சேலம்

காலையில் கஞ்சமலை. சித்தர் கோயில் பக்கம் கூட்டம் இல்லை, அமாவாசைக்குத்தான் நிற்க இடம் இருக்காதாம். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை ஓடையில் கிடந்த ஒரு கல்லின் மேல் வைத்தேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது. கல்லைத் தலைகீழாகத் திருப்பினாலும் விழவில்லை. மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் ஒரு வரி, குவார்ட்ஸ் ஒரு வரி என்று கருப்பும் வெளுப்புமாக விரற்கடை அகலத்துக்கு மாறி மாறி வருகிறது. இது கடலடியில் படிந்தது. காற்றில் ஆக்சிஜன் இல்லாத காலத்தில் கடல் நீரில் கரைந்து கிடந்த இரும்பும் சிலிக்காவும் அடியில் படிந்து, அப்புறம் நிலத்தின் அடியாழத்துக்குப் போய் வெந்து, மடிந்து, மலையாக எழுந்திருக்கிறது. வயது இதற்கும் 250 கோடி ஆண்டுப் பக்கம்தான். ஆகவே இங்கே ஒரு கடல் இருந்தது உறுதி. ஆனால் அது நான் தேடி வந்த கடல் இல்லை, அதைவிடப் பல மடங்கு பழசு. இதை நினைவில் வையுங்கள், செவ்வாய்க்கிழமை தேவைப்படும்.

மதியம் ஏற்காட்டு அடிவாரத்துச் சுண்ணாம்புக் கரடு. வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்று எழுதிவைத்தார்கள், அங்கே சாக்பீஸும் இல்லை சுண்ணாம்பும் இல்லை, எல்லாம் மேக்னசைட். உலைகளுக்குள் சூடு தாங்கும் செங்கல் செய்யப் போகிறது. அந்த வெள்ளை நரம்புகள் ஓடுகிற தாய்ப்பாறை டியூனைட், மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்தில் இருந்து வந்த சரக்கு. அது மேலே வந்து, மழைநீரும் கரியமில வாயுவும் விரிசல் வழியாகப் புகுந்து, மக்னீசியத்தைப் பிடித்து வெள்ளையாக்கிவிட்டன. வெயிலில் கண் கூசியது. ஏற்காடு ஏறவில்லை.

திங்கள், சித்தம்பூண்டி

நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் பக்கம். இந்த ஊரை இன்று நிறையப் பேருக்குச் சந்திரயானால் தெரியும். சந்திரயான்-2 தரையிறங்கியைச் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு நிலவு மண் மாதிரி ஒன்று வேண்டியிருந்தது. நிலவின் மேட்டுப் பகுதிகள் அனார்த்தோசைட் என்ற வெளிர்ப் பாறை, அதே இனம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் இருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறை உதவியோடு எடுத்துப் பொடியாக்கிப் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள்.

வரப்போரம் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா ஒருவர் நின்றார். "ஏனுங்க, இந்தக் கல்லு நெலாவுக்குப் போச்சுங்களாமா?" "நிலாவுக்கு இல்லீங்கம்மா, பெங்களூருக்குத்தான்" என்றேன். "அட, அவ்வளவுதானா" என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த கல் இதுதான். தூரத்தில் இருந்து அழுக்கு வெள்ளை. கிட்டே போனால் வெள்ளையில் கருப்புப் புள்ளிகள், அது ஹார்ன்பிளெண்ட். சில இடங்களில் புள்ளிகள் எல்லாம் ஒரே திசைக்கு இழுபட்டு நீண்டு கிடக்கின்றன, பாறை சூடாக இருந்தபோது யாரோ இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த மாதிரி. ஆங்காங்கே சிவப்பு கார்னெட். நடுநடுவே கையகலத்துக்குக் கனமான கருப்புப் பட்டை, குரோமைட். அந்தப் பட்டையில் இருந்து உதிர்ந்த துண்டைக் கையில் வாங்கிய மச்சான் "என்ன மாப்ள, இரும்புக் குண்டு கனம் கனக்குது" என்றார்.

நிலவும் சித்தம்பூண்டியும் ஒரே பாறை என்று செய்தித்தாள்கள் எழுதியதோடு விட்டுவிட்டன. கனிமம் ஒன்றுதான், பிறந்த விதம் வேறு. நிலவு பிறந்த புதிதில் மேற்பரப்பு முழுக்க உருகிய குழம்பாக இருந்தது, அதில் எடை குறைந்த பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர்க் கனிமம் மிதந்து மேலே ஒதுங்கி ஆடையாகப் படிந்தது. அங்கே நீர் என்ற பேச்சே கிட்டத்தட்டக் கிடையாது. சித்தம்பூண்டிக் குழம்பில் நீர் தாராளமாக இருந்திருக்கிறது. அந்தக் கருப்புப் புள்ளி ஹார்ன்பிளெண்டே அதற்குச் சாட்சி, தன் படிகத்துக்குள் நீரைக் கட்டிவைத்திருக்கும் கனிமம் அது. பூமியின் ஆழத்தில் குழம்புக்குள் அவ்வளவு நீர் எப்படிப் போகும்? கடல்தரை இன்னொரு தட்டின் அடியில் அமிழ்ந்து, நனைந்த பாறையையும் கூடவே இழுத்துக்கொண்டு போனால் போகும். அண்மைக்கால ஆய்வுகள் சித்தம்பூண்டியை அப்படி ஒரு அமிழ்வு மண்டலத்தின் மேல் இருந்த எரிமலை வரிசையின் அடிப்பாகம் என்றுதான் படிக்கின்றன, வயது ஏறக்குறைய 250 கோடி. கடல் ஒன்று மூடிக்கொண்டிருந்ததற்கு நிலத்தின் அடியில் எழுதிவைத்த ரசீது. நிலவுச் செய்தியைவிட இது பெரிய செய்தி என்பது என் கட்சி.

செவ்வாய், மணமேடு

முசிறிப் பக்கம், காவிரியின் வடகரை. வாழைத்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், பம்புசெட் சத்தம். இதற்கு நடுவில் ஒரு பெருங்கடலின் தரை கிடக்கிறது என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கடல்தரைக்கு ஒரு அடுக்குமுறை உண்டு. மேலே மெல்லிய படிவு, அதற்குக் கீழே எரிமலைக் குழம்பு, அதற்குக் கீழே குழம்பு ஏறிவந்த வழிகள் சுவர் சுவராக நிற்கும், அப்புறம் குழம்பு ஆழத்திலேயே மெதுவாக இறுகிய கேப்ரோ என்ற கரும்பாறை, கடைசியில் கவசப் பாறை. கடல் மூடும்போது இதில் பெரும்பாலும் பூமிக்குள்ளேயே போய்விடும், சில துண்டுகள் மட்டும் கண்டத்தின் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய துண்டுக்கு ஓஃபியோலைட் என்று பெயர். ஓமான் நாட்டில் மலை மலையாகத் தெளிவாக நிற்கிறது. மணமேட்டில் அப்படி எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். வயலுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கேப்ரோ, அதன் உறவான பைராக்சினைட், அதைக் குறுக்கே வெட்டும் கரிய சுவர்கள், கொஞ்சம் தள்ளிச் சிலிக்காப் படிவு. எல்லாம் வெந்து உருமாறிய கோலத்தில். ஒரு கேப்ரோப் பாறையின் மேல் யாரோ துணி துவைத்திருந்தார்கள், சோப்பு நுரை இன்னும் காயவில்லை. கடல்தரை என்று யாரும் சொல்லித் தராவிட்டால் கருங்கல் என்று தாண்டிப் போகக்கூடிய இடம்.

ஆனால் இதன் வயது 75 முதல் 80 கோடி ஆண்டு. கஞ்சமலையும் சித்தம்பூண்டியும் 250 கோடி என்றேனே, அதே பட்டையில், கிட்டத்தட்ட அடுத்தடுத்த ஊர்களில், இவ்வளவு வயது வித்தியாசம்.

இங்கேதான் சண்டை. பாலக்காட்டுக் கணவாயில் இருந்து காவிரி வரை கிழக்கு மேற்காக ஓடும் இந்த நசுங்கிய பட்டைதான் மொசாம்பிக் பெருங்கடல் மூடின இடம், தெற்கே இருக்கும் மதுரைத் துண்டு உண்மையில் நடு மடகாஸ்கரோடு சேர்ந்த அசானியா என்ற சிறு கண்டத்தின் பகுதி என்று ஆலன் காலின்ஸ் குழு 2007-இல் எழுதியது. திருவனந்தபுரத்தில் வேலையைத் தொடங்கி ஜப்பான், சீனா என்று போன எம். சந்தோஷும் கூட்டாளிகளும் 2009-இல் இன்னும் ஒரு படி மேலே போய், பசிபிக் ஓரங்களில் நடப்பது போலவே இங்கே கடல்தரை அமிழ்ந்து, எரிமலை வரிசை எழுந்து, கடைசியில் கண்டங்கள் முட்டின என்று முழுக் கதையையும் வரைந்தார்கள். அதற்கும் முன்பே 2004-இல் மார்ட்டன் டி விட் உள்ளிட்ட குழு வேறு சொல்லியிருந்தது: பட்டைக்குத் தெற்கேயும் 250 கோடிப் பாறை தொடர்கிறது, எனவே எல்லை இங்கே இல்லை, கரூர், கம்பம், பைனாவு, திருச்சூர் என்று போகும் கோட்டில் பாருங்கள் என்று. இந்தப் பட்டையில் முட்டல் நடந்தது 250 கோடி ஆண்டு முன்பு, 55 கோடியில் வெறுமனே சூடேறி நசுங்கியது, அவ்வளவுதான் என்பவர்களும் உண்டு.

நாமக்கல்லில் இரவு சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது இதை மச்சானிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்வி சரியானது: "ரெண்டு தடவையும் ஏன் மாப்ள நடந்திருக்கக் கூடாது?" என் முடிவும் அதுதான். ஒருமுறை கிழிந்து தைத்த புடவை மறுபடி இழுத்தால் தையல் பக்கத்திலேயே விடும், நல்ல துணியில் விடாது. 250 கோடியில் ஒரு கடல் மூடிச் சேர்ந்த ஓரம் பலவீனமாகவே இருந்திருக்கும், 80 கோடிப் பக்கம் அந்த ஓரத்தை ஒட்டியே மறுபடி கடல் விரிந்து, 55 கோடியில் மறுபடி மூடியிருக்கலாம். கடல் எவ்வளவு அகலம், மூன்று நாள் கப்பல் பயணமா ஆயிரக்கணக்கான கி.மீ.யா என்பது வேறு பஞ்சாயத்து. எப்படிப் பார்த்தாலும் மூடின இடம் ஒரு கோடு என்று நினைத்து வரைபடத்தில் பென்சிலை வைப்பதுதான் சிக்கல். நேரில் வந்து பார்த்தால் அது பல பத்து கி.மீ. அகலமுள்ள ஒரு நாடு, அதில் கோழிப்பண்ணையும் லாரிப் பட்டறையும் இருக்கின்றன.

புதன், சிவன்மலை

கரூர் வழியாகக் காங்கேயம். கோயிலுக்குப் போனோம், உத்தரவுப் பெட்டியைப் பார்த்தோம். பக்தர் யாராவது கனவில் முருகன் சொன்னதாக ஒரு பொருளைக் கொண்டுவந்தால், சாமியிடம் பூக்கேட்டு உத்தரவு வாங்கி அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள், அந்தப் பொருள் ஊர் உலகத்தில் ஏதோ ஒரு வகையில் பேசப்படும் என்பது நம்பிக்கை. "கல்லு வெக்கச் சொல்லி உனக்குக் கனவு வரணும்" என்றார் மச்சான்.

மலையின் கல் அலாதியானது. நெஃபலின் சயெனைட், கிரானைட் மாதிரியே குழம்பு இறுகிய கல், ஆனால் குவார்ட்ஸ் துளிகூடக் கிடையாது. நெஃபலின் மழைக்கு எளிதில் கரையும், அதனால் பாறை முகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழி. ஹாலண்ட் 1901-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். வயது 59 கோடி. இந்த மாதிரிக் குழம்பு பெரும்பாலும் மேலோடு இழுபட்டு மெலியும் இடத்தில் கவசத்தில் இருந்து ஏறுவது. முட்டல் உச்சத்துக்கு 4 கோடி ஆண்டு முன்னால் இங்கே ஏன் இழுபட்டது என்று நேற்றைய சண்டைக்காரர்கள் எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் படியூரில் பச்சை நீலப் பெரில் என்ற மணிக்கல் கிடைத்ததும், கொடுமணலில் அதை மணியாகக் கடைந்ததும் இந்தப் பட்டைக்குள் புகுந்த கடைசிக் குழம்புகளின் தயவு. காங்கேயம் காளை பார்க்க நேரம் இல்லை.

வியாழன், கெங்குவார்பட்டி

தாராபுரம், ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு. இப்போது மதுரைத் துண்டுக்குள் இருக்கிறோம். தலைக்கு மேலே கொடைக்கானல், மொத்தமாக ஒரு சார்னோகைட் மலைத்திரள்.

உலகத்துப் பாறையியல்காரர்களுக்குக் கெங்குவார்பட்டி பெயர் தெரியும், காரணம் சாஃபிரின் என்ற நீலக் கனிமம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பழுப்புப் பாறைக்குள் மங்கலான நீலத் துணுக்குகள், உப்புக்கல் அளவுகூட இருக்காது. அது குவார்ட்ஸோடு ஒட்டி இருந்தால் வெப்பம் 900 டிகிரியைத் தாண்டி ஆயிரம் பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம். 30 கி.மீ. ஆழத்தில் சாதாரணமாக 600, 700 டிகிரி இருந்தாலே அதிகம். கண்டங்கள் முட்டி மேலோடு இரண்டு மடங்கு தடித்து நீண்டகாலம் புதைந்து கிடந்தால் யுரேனியம், தோரியம் சிதைவு மட்டுமே இவ்வளவு சூடேற்றுமா, இல்லை கீழிருந்து கவசம் ஏறி வந்து சுட்டதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு வயதையும் யார் சொல்கிறார்கள் என்றால், பெரும்பாலும் சிர்கான். மயிரிழை அளவு படிகம், யுரேனியம் உள்ளே போகும், ஈயம் போகாது, ஆகவே உள்ளே இருக்கும் ஈயம் எல்லாம் சிதைவில் வந்தது என்று கணக்குப் போடலாம். சூடேறினாலும் கரைந்துபோகாமல் பழைய உள்கருவின் மேல் புதிய படலம் வளரும். மதுரைத் துண்டின் வடபகுதிச் சிர்கான்களில் உள்ளே 250 கோடி, வெளிப்படலத்தில் 55 கோடி என்று ஒரே படிகத்துக்குள் இரண்டு தேதி கிடைக்கிறது. டி விட் குழு பிடித்துக்கொண்டது உள்கருவை, காலின்ஸ் தரப்புக்கு வலு சேர்ப்பது வெளிப்படலம்.

வெள்ளி, செங்கோட்டை

குற்றாலத்தில் சீசன், நடக்க இடம் இல்லை, மழை வேறு. அச்சன்கோவில் பட்டை, மதுரைத் துண்டும் திருவனந்தபுரம் துண்டும் உரசிச் சேர்ந்த இடம், மேற்கே காட்டுக்குள் ஓடுகிறது. ஆரியங்காவு வரை போய்ப் பாசி படிந்த வெட்டுச்சுவரில் கொஞ்சம் நைஸ் பார்த்ததோடு சரி. அட்டை கடித்ததுதான் மிச்சம். இந்தப் பட்டை கேரளக் கடற்கரையில் சட்டென்று அறுந்து, மடகாஸ்கரின் ரானோட்சாரா பட்டையாகத் தொடர்வதாகப் பலகாலமாகச் சொல்லி வருகிறார்கள், அதிலும் எல்லோருக்கும் உடன்பாடு இல்லை.

சனி, முட்டம்

மணலே இன்றைய பாறை. அலை வழித்துவிட்டுப் போன இடத்தில் கருப்பு ஒரு வரி, சிவப்பு ஒரு வரி. சிவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட், லென்ஸில் தேடினால் தேன் நிறத்தில் மோனசைட். பக்கத்தில் மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் ஆலை இதைத்தான் பிரிக்கிறது. இவை எல்லாம் பின்னால் தெரியும் மலைகள் உதிர்ந்து வந்தவை. திருவனந்தபுரம் துண்டின் கார்னெட் பாறைகளுக்கு உறவு கிழக்கே இலங்கையின் நடுமலைநாட்டில் இருக்கிறது, அங்கேயும் 55 கோடி ஆண்டுச் சூடு, அதே இனப் பாறை. அங்கிருந்து கோட்டை நீட்டினால் அண்டார்டிகாவில் ஜப்பானியரின் ஷோவா ஆய்வு நிலையம் இருக்கும் லுட்சோ-ஹோம் கடலோரத்தில் போய் முடியும்.

இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்ந்த கோண்டுவானா பிரிந்தபோது சேர்ந்த ஓரங்களில் பிரியவில்லை. ஏறத்தாழ 13 கோடி ஆண்டு முன்பு அண்டார்டிகா விலகியது, 8.8 கோடி ஆண்டு முன்பு மடகாஸ்கர் விலகியது, அந்த மடகாஸ்கர் பிளவு பாலக்காட்டுப் பட்டையையும் அச்சன்கோவில் பட்டையையும் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்றைய மேற்குக் கரையாக ஓடியது. அதனால்தான் ஒரே பட்டையின் ஒரு பாதியை முசிறியிலும் மறுபாதியை மடகாஸ்கரிலும் தேட வேண்டியிருக்கிறது. செவ்வாயன்று நான் சொன்ன தையல் கணக்கு இங்கே பலிக்கவில்லை. மச்சானிடம் சொன்னேன், "அப்ப உன் தியரி போச்சா?" என்றார். பாதி போச்சு.

போக நினைப்பவர்களுக்கு: சித்தம்பூண்டிக்கு நாமக்கல்லில் தங்கிக் காலையில் போங்கள், பத்து மணிக்கு மேல் அந்த வெள்ளைக் கல் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். குவாரிகளுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், மதியம் வெடி வைப்பார்கள். தொப்பூரில் வண்டியை இறக்கத்தில் நிறுத்தவே வேண்டாம், மேலே டீக்கடையில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். முட்டத்தில் மணலை மூட்டையில் அள்ளினால் கேள்வி வரும், லென்ஸ் போதும்.